வயிறு நோகுது என்று பிள்ளை சொன்னால்: புதிய பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது, திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டை வாசலைத் தாண்டியதும் ஒரு மான் வந்து அவள் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு போனது. அங்கே உலாவும் மான்கள் ஆட்களுக்குப் பழகியவை. அது கடிக்கவும் இல்லை, முட்டவும் இல்லை. அவள் வீரிட்டு அழுதாள். சுற்றி நின்ற பெரியவர்கள் எல்லோரும் சிரித்தோம். "மானுக்குப் போய் அழுகிறதா? எவ்வளவு வடிவான மான், பாருங்கோ" என்று நானும் சொன்னேன். அன்று இரவு படுக்கையை நனைத்தாள். அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்த வீதிப் பக்கம் போகலாம் என்றாலே வயிறு நோகுது என்பாள்.

வெறும் பயம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு அவளோடு இருந்து கதைத்தபோதுதான் மற்றவை வெளியே வந்தன. பழம் பறிபோனது கோபம். எல்லோரும் சிரித்தது வெட்கம். அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தது மனநோவு. இத்தனையும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தபோது அவளிடம் இருந்தது "வயிறு நோகுது" என்ற இரண்டு சொல் மட்டும்.

அதன் பிறகு முன்பள்ளி ஆசிரியையாகப் பல வருடங்கள் சின்னப் பிள்ளைகளோடு இருந்துவிட்டேன். முதல் பிள்ளை வளர்க்கும் தாய் தகப்பன், முன்பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியைகள், வெளிநாடு போன மகளின் பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாமார், இவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அழுகையை எப்படி நிறுத்துவது என்று கேட்டுத்தான் அநேகமானோர் வருகிறார்கள். அந்த அழுகைக்குள் இருப்பதைச் சொல்லப் பிள்ளைக்குச் சொல் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்லும் பதில்.

முதலில், எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்

ஒன்றரை வயதளவில் நிலத்தில் விழுந்து உருண்டு அழுவது தொடங்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் அது உச்சத்துக்குப் போகும். நாலு வயது தாண்டும்போது பெரும்பாலும் குறைந்துவிடும். இது குழப்படி இல்லை, வளர்ச்சி. உணர்ச்சியை அடக்கி ஆளுகிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்ச்சி அடைய இருபத்தைந்து வயதளவு ஆகும் என்கிறபோது, இரண்டு வயதுப் பிள்ளை கடை வாசலில் நிதானமாக நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சந்தோசத்தையும் கவலையையும் கோபத்தையும் மூன்று நாலு வயதில் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியும். வெட்கம், பெருமை போன்றவையும் அந்த வயதுக்குள் வந்துவிடும், ஆனால் பெயர் தெரியாது. ஒரே விசயத்தில் சந்தோசமும் கவலையும் சேர்ந்து வரலாம் என்பது எட்டு, ஒன்பது வயதளவில்தான் நன்றாக விளங்கும். ஆகவே ஐந்து வயதுப் பிள்ளையிடம் "தம்பி பிறந்தது சந்தோசமா இல்லையா?" என்று கேட்டுத் திணறடிக்காதீர்கள். இரண்டும்தான் என்று சொல்ல அதற்கு இன்னும் வழி தெரியாது.

இன்னொன்று, பசியும் நித்திரையும். மூன்று முதல் ஐந்து வயதுவரை ஒரு நாளைக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேர நித்திரை வேண்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்து. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம். இரவு பத்தரை மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழும்பும் பிள்ளை காலையில் சப்பாத்துப் போட மாட்டேன் என்று அழுதால், அங்கே மனதை ஆராய ஒன்றுமில்லை. நேரத்துக்குப் படுக்க வையுங்கள்.

படி ஒன்று: உங்கள் கோபம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பிள்ளை கத்தும்போது நமக்கும் கொதி வரும். அதை மறைக்கவும் வேண்டாம், பிள்ளை மேல் கொட்டவும் வேண்டாம். உட்காருங்கள். நின்றுகொண்டு கதைக்கும் பெரியவர் சின்னப் பிள்ளையின் கண்ணுக்கு ஒரு தென்னை மரம். அதன் கண் மட்டத்துக்கு இறங்கி, "அம்மாவுக்கும் இப்ப கொஞ்சம் கொதி வருது. ஒரு மூச்சு எடுத்துப்போட்டுக் கதைக்கிறன்" என்று சொல்லுங்கள். இதைச் சொல்வதே ஒரு பாடம். கோபம் வந்தால் பெயர் சொல்லலாம், பிறகும் நிதானமாகக் கதைக்கலாம் என்று பிள்ளை நேரிலேயே பார்க்கிறது.

கத்திவிட்டீர்கள் என்றால்? எல்லோரும் ஒரு நாள் கத்துவோம். பிறகு போய், "நான் கத்தினது பிழை. எனக்கு அலுப்பு, ஆனா அது உங்கட குற்றம் இல்லை" என்று சொல்லுங்கள். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டால் பிள்ளை தலையில் ஏறிவிடும் என்பார்கள். இத்தனை வருடத்தில் அப்படி ஏறிய ஒரு பிள்ளையையும் நான் காணவில்லை.

படி இரண்டு: உடம்பிலிருந்து தொடங்குங்கள்

நம் பழைய இலக்கணத்தில் உணர்ச்சிக்கு வைத்த பெயர் மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லி, மனதில் நடப்பது உடம்பில் வந்து தெரியும் என்று வைத்தார்கள். சின்னப் பிள்ளையிடம் இதை அப்படியே பார்க்கலாம். நெஞ்சு பக்குப்பக்கென்று அடிக்கும், கை இறுகும், காது சூடாகும், வயிறு பிசையும். பெயர் அதற்குப் பிறகுதான் வரும்.

நம் ஊர்ப் பேச்சில் இதற்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. நாங்கள் "வருத்தம்" என்றால் நோய். "பிள்ளைக்கு வருத்தம்" என்றால் காய்ச்சல், இருமல். ஆகவே மனம் நோகும் பிள்ளையும் வருத்தம் என்கிறது, நாமும் பனடோல் தேடுகிறோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் எத்தனை பிள்ளைகளுக்குக் காலையில் வயிற்று வலி வருகிறது என்று பாருங்கள். அது நடிப்பில்லை. வலி உண்மையாகவே இருக்கிறது, காரணம் மட்டும் வேறு. முதலில் உடம்பைப் பாருங்கள், தேவை என்றால் டொக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு "சும்மா சாட்டு" என்று சொல்லி அனுப்பாமல், "எந்த நேரத்தில கூட நோகுது? பள்ளிக்கூடம் இல்லாத நாளிலயும் நோகுதா?" என்று கேளுங்கள்.

சின்னவர்களுக்கு ஒரு எளிய வேலை. ஒரு பெரிய தாளில் பிள்ளையைப் படுக்கவைத்து உடம்பைச் சுற்றிக் கோடு வரையுங்கள். "கோபம் வந்தா எங்க வரும்? அந்த இடத்துக்கு நிறம் தீட்டுங்கோ" என்று விடுங்கள். ஒரு பையன் காது இரண்டையும் சிவப்பாக்கிவிட்டு, "அப்பா கத்தினா இஞ்ச சுடும்" என்றான். வாயால் கேட்டிருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டான்.

படி மூன்று: நம் வாயில் இருக்கும் சொற்களைக் கொடுங்கள்

புத்தகத்தில் இருக்கும் பெரிய சொற்கள் வேண்டாம். அம்மம்மா கதைக்கும் தமிழிலேயே தேவையான எல்லாம் இருக்கின்றன. முதல் மாதம் சந்தோசம், கவலை, கோபம், பயம் என்ற நான்கு போதும். அது பழகியதும் மற்றவற்றைச் சேருங்கள்.

அந்தரம் என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். என்ன நடக்கப்போகிறதோ என்று தெரியாமல் மனம் தவிப்பது. கிளினிக்கில் ஊசி போட வரிசையில் இருக்கும்போது வருவது அந்தரம், ஊசியைக் கண்டதும் வருவது பயம். இரண்டும் வேறு என்று தெரிந்த பிள்ளைக்கு உதவுவது சுகம். அந்தரத்துக்கு மருந்து, அடுத்து என்ன நடக்கும் என்று சொல்வது. பயத்துக்கு மருந்து, கையைப் பிடித்துக்கொள்வது.

புளுகம் என்று ஒன்று இருக்கிறது, புதுச் சட்டை போட்ட அன்று உள்ளே துள்ளுவது. ஏக்கம், இல்லாத ஒருவரை மனம் தேடுவது. ரோசம், மற்றவர் முன்னால் குறைத்துப் பேசினால் வருவது. இதைத்தான் நாம் பெரும்பாலும் கோபம் என்று பிழையாக எடுத்துக்கொள்கிறோம். பொறாமை, வெட்கம், அலுப்பு, ஏமாற்றம். பொறாமை கெட்ட சொல் என்று மறைக்காதீர்கள். தங்கச்சி பிறந்த வீட்டில் மூத்தவனுக்கு அந்தச் சொல் சோற்றைப் போலத் தேவை.

பிள்ளை அழும் நேரத்தில் பாடம் நடத்தக் கூடாது. சும்மா இருக்கும் நேரத்தில் கற்பியுங்கள். பின்னேரம் டச்பே கடற்கரையில் கடலை வாங்கிக்கொண்டு இருக்கும்போது, "அந்த அண்ணாவின்ர பட்டம் அறுந்து போச்சு. அவருக்கு இப்ப எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். உங்கள் நாளையும் சொல்லுங்கள்: "இண்டைக்கு பஸ் பிந்தினது, அம்மாவுக்கு அந்தரமாப் போச்சு." பிள்ளை உங்கள் வாயிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

அழும் நேரத்தில் ஊகித்துச் சொல்வது மட்டும் போதும்: "நீங்கள் கட்டின மணல் வீட்டைத் தம்பி உடைச்சிட்டார். கோபமா இருக்கு போல." அந்தப் "போல" முக்கியம். உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று அடித்துச் சொன்னால் பிள்ளை வாயை மூடிவிடும். பிழையாக ஊகித்தால் அது திருத்தும், "இல்லை, கவலை" என்று. அந்தத் திருத்தம் வந்த நாள் நல்ல நாள்.

படி நான்கு: எவ்வளவு என்று அளக்கப் பழக்குங்கள்

இதற்கு நான் கன்னியா வெந்நீர் ஊற்றைத்தான் பயன்படுத்துகிறேன். திருகோணமலைப் பிள்ளைகள் அநேகமானோர் அங்கே போயிருப்பார்கள். சதுரமாகக் கட்டிய ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு. வகுப்பில் ஏழு சிரட்டைகளை வரிசையாக வைப்பேன். முதலாவது வெதுவெதுப்பு, ஏழாவது கொதி. பிள்ளை ஒரு சிப்பியை எடுத்து, தன் கோபம் இப்போது எந்தக் கிணற்றில் இருக்கிறதோ அதில் போட வேண்டும். கதைக்க வெட்கப்படும் பிள்ளையும் சிப்பி போடும்.

இதில் வரும் பலன் பெரியது. "ஐஞ்சாம் கிணறு" என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், ஏழுக்குப் போக முன்னமே நாம் உதவலாம். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எந்தக் கிணறு?" என்று கேட்டால், கோபம் தானாக இறங்கும் என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்கும். வந்தது போகும் என்று தெரிந்த பிள்ளை உணர்ச்சிக்குப் பயப்படாது.

அதே கன்னியாவுக்கு ஒரு கதையும் உண்டு. இராவணன் தன் தாயின் ஈமக்கடன் செய்வதற்காக நிலத்தைக் குத்த, ஊற்று வந்தது என்பார்கள். ஆண் பிள்ளைகளுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன். அவ்வளவு பலசாலி, அவனுக்கும் அம்மா இல்லாமல் போனது கவலை. "ஆம்பிளைப் பிள்ளை அழக் கூடாது" என்று நம் வீடுகளில் மூன்று வயதிலேயே சொல்லத் தொடங்கிவிடுகிறோம். கவலையைக் காட்ட வழி அடைபட்ட பையனுக்குக் கோபம் ஒன்றுதான் மிஞ்சும். பிறகு பெரியவனான பின் ஏன் இப்படிக் கத்துகிறான் என்று கேட்கிறோம்.

படி ஐந்து: உணர்ச்சிக்கு இடம், கைக்கு எல்லை

இளகிய மனம் உள்ள பெற்றோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கோபப்படலாம், அடிக்கக் கூடாது. பொறாமைப்படலாம், தங்கச்சியைக் கிள்ளக் கூடாது. கடையில் பொம்மை கிடைக்காமல் அழலாம், அதற்காக நான் அதை வாங்க மாட்டேன். இந்த இரண்டு பாதியையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்: "கோபம் வந்தது சரி. அடிக்க விட மாட்டன்." சொல்லும்போதே ஓங்கிய கையை மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெருட்டுவதை விடுங்கள். பேய் வரும், பொலிஸ் பிடிக்கும், பிள்ளைபிடிகாரனிடம் கொடுத்துவிடுவேன் என்றால் அழுகை நிற்கும்தான். ஆனால் உள்ளே இருந்த கோபத்தின் மேல் பயமும் ஏறி உட்கார்ந்துவிடும். நாளைக்கு உண்மையாகவே தொலைந்துபோனால் பொலிஸ்காரரிடம் போகவும் அந்தப் பிள்ளை பயப்படும்.

போனைக் கொடுப்பதும் இதே மாதிரித்தான். ஒருநாள் அவசரத்துக்குக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு அழுகைக்கும் போன் என்றால், கவலை வந்தால் திரையைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் பழக்குகிறோம்.

படி ஆறு: கொதி இறங்க வழி

ஏழாம் கிணற்றில் நிற்கும் பிள்ளைக்குப் புத்தி சொல்லிப் பிரயோசனம் இல்லை. காது கேட்காது. பக்கத்தில் இருங்கள், குரலைத் தாழ்த்துங்கள். அப்புறம் பிளேன்ரீ விளையாட்டு, பால் இல்லாத சுடுதேநீர் குடிப்பது போல. கையை ஒரு கோப்பை மாதிரிக் குவித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். "மூக்கால மணந்து பாருங்கோ. சுடுது, மெதுவா ஊதுங்கோ, மெதுவா." உள்ளே எடுக்கும் மூச்சை விட வெளியே விடும் மூச்சு நீளமானால் நெஞ்சு அடிப்பது குறையும். ஐந்து தரம் ஊதினால் போதும். இதையும் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பழக்கி வைத்தால்தான் அழும் நேரத்தில் கைகொடுக்கும்.

சில பிள்ளைகளுக்கு மூச்சை விட உடம்பு வேலை நல்லது. ரொட்டிக்கு மா குழைக்க விடுங்கள், ஈர மணலைப் பிசைய விடுங்கள், வாளியில் தண்ணீர் தூக்கி மரத்துக்கு ஊற்றச் சொல்லுங்கள். தலையணையைக் குத்தச் சொல்லும் யோசனையைப் பலர் சொல்வார்கள். வேண்டாம். அது கோபத்தை இறக்காது, கோபம் வந்தால் குத்த வேண்டும் என்றுதான் பழகும்.

எங்கள் ஊருக்கென்று இரண்டு விசயம்

ஒன்று கடல். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று தாய் தகப்பன். நிலாவெளியிலும் குச்சவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் அந்தக் காலையை மறக்காதவர்கள் இருக்கிறார்கள். 2006இல் போரால் ஊரை விட்டு ஓடியதும் அப்படித்தான். தங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாமல் விட்டால் தெரியாது என்று நினைக்கிறார்கள். ஆனால் பிள்ளை அம்மாவின் கையைத்தான் வாசிக்கிறது. கடல் பக்கம் போகும்போது பிடி இறுகுகிறது, திருவிழாவில் வெடி கேட்டதும் அம்மாவின் முகம் வெளுக்கிறது. காரணம் தெரியாமல் பயம் மட்டும் வந்து சேர்கிறது.

சுருக்கமாக, உண்மையாகச் சொல்லுங்கள். "அம்மா சின்னப் பிள்ளையா இருக்கேக்க ஒருக்கா கடல் ஊருக்குள்ள வந்தது. அது நினைவு வந்தா அம்மாவின்ர கை இறுகும். இப்ப கடல் அமைதியா இருக்கு. நீங்கள் விளையாடுங்கோ, நான் பக்கத்தில நிக்கிறன்." ஐந்து வயதுக்கு இவ்வளவு போதும். செத்தவர்களின் கதை பிறகு, பிள்ளை கேட்கும்போது, கேட்ட அளவுக்கு. பயத்தை முழுதாகப் போக்கவும் வேண்டாம். மாரி காலத்தில் வாடைக்காற்றோடு பொங்கும் கடலைக் கண்டு ஒரு பிள்ளை பின்வாங்கினால், அந்தப் பயம் அதைக் காப்பாற்றுகிறது. "நல்ல பயம்" என்று அதற்குப் பெயர் சொல்லிக் கொடுங்கள்.

மற்றது வெளிநாடு. தாயோ தகப்பனோ வளைகுடாவில் வேலை செய்யும் வீடுகள் நம் மாவட்டத்தில் நிறைய. பின்னேரம் வீடியோ கோல் வரும். அம்மம்மா போனைப் பிடித்துக்கொண்டு "உம்மாவோட கதையுங்க, முத்தம் கொடுங்க" என்பார், பிள்ளை ஓடி ஒளியும். மறந்துவிட்டது என்று அங்கே இருக்கும் தாய் அழுவார். மறக்கவில்லை. முகத்தைக் காட்டிவிட்டுத் தொட முடியாமல் போகும் அந்த ஏக்கம் சின்ன மனதுக்குத் தாங்காது. கதைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல், பிள்ளை விளையாடும் இடத்தில் போனைச் சாய்த்து வையுங்கள். தாய் பார்த்துக்கொண்டிருக்கட்டும், "அது என்ன வீடு, ஆருக்கு?" என்று கேட்கட்டும். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பாட்டி, மகளின் பழைய சால்வையைப் பேரனின் தலையணைக்கு உறையாகத் தைத்துக் கொடுத்தார். அவன் இரவில் அதை மணந்துகொண்டு "ஏக்கமா இருக்கு" என்று சொல்லப் பழகினான். அழுதான்தான். ஆனால் சொல்லி அழுதான்.

பிள்ளை ஒருவரைக் கண்டு ஒதுங்கினால்

மாமாவுக்கு முத்தம் கொடு என்று தள்ளிவிடாதீர்கள். கும்பிட்டாலோ சலாம் சொன்னாலோ மரியாதை போதும். "எனக்கு விருப்பமில்லை" என்று வீட்டில் சொல்ல விடப்பட்ட பிள்ளைதான், தொடக் கூடாத ஒருவர் தொட்டால் வந்து சொல்லும். ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டு திடீரென்று ஒடுங்கினால், நின்று கேளுங்கள், நம்புங்கள், ஏசாதீர்கள்.

எப்போது வெளியே உதவி கேட்க வேண்டும்

இரண்டு கிழமைக்கு மேல் கவலையோ பயமோ விடாமல் இருந்தால், நின்றுபோன சலம் திரும்பப் படுக்கையில் போகத் தொடங்கினால், சாப்பாடும் நித்திரையும் குலைந்தால், விளையாட்டே வேண்டாம் என்றால் தள்ளிப்போடாதீர்கள். சாக வேண்டும் போல இருக்கு என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்கே போங்கள், பகிடி என்று விடாதீர்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் வழி காட்டுவார். பள்ளிக்கூடத்தில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் இருந்தால் அவரையும் கேட்கலாம். பெரிய ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காய்ச்சலுக்குப் போகிற அதே வாசல்தான். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1929. மனநல உதவிக்கு 1926. இரண்டிலும் தமிழில் கதைக்கலாம்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் கூடுகிறது, அதற்குச் சற்று முன் வீட்டில் என்ன மாறியது, பிள்ளை தானே பயன்படுத்திய சொல் என்ன. அந்தக் கடைசியைப் பிள்ளை சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாமல்.